கணக்கில் மனம் வைத்த ராஜீவ்

கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தட்டினால், கோடிக்கணக்கான பக்கங்களில் வேண்டியது முன்னே வந்து நிற்கிறது. இந்த விந்தைக்கு வழி செய்தவர்களில் ஒருவர் நம் நாட்டவர்!

ராஜீவ் மோட்வானி 1962-ம் ஆண்டு ஜம்முவில் பிறந்தார். காஸ் என்னும் ஜெர்மன் கணித மேதையைப்போல் ஆகவேண்டும் என்பது சிறுவனின் ஆசை. கணக்குப் படித்தால் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவான் என்று பெற்றோர் கவலைப்பட்டனர். எந்தப் பெற்றோருக்குத்தான் அந்தக் கவலை இல்லை! அரைமனதுடன் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தார். அதற்குள்ளும் இருந்தது கணக்குத்தான்!

பிறகு அமெரிக்காவில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கே படித்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற மாணவர்களோடும், வினோகிராட் என்ற பேராசிரியரோடும் சேர்ந்து 1998-ல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார்.

அது என்ன முறை? புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கீரனூர், ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம் என்று பல ஊர்ச் சாலைகள் அங்கே வந்து சேருகின்றன. ஊரையே பாராதவனும், படத்தைப் பார்த்து இதுதான் பெரிய ஊர் என்பான். இணையப் பக்கமும் அப்படியே. பல பக்கங்கள் சுட்டிக்காட்டும் பக்கத்துக்கு மதிப்பு அதிகம். சுட்டுவது பெரிய பக்கமானால் இன்னும் அதிகம். கண்டதையெல்லாம் சுட்டும் பக்கமானால், அதன் மதிப்பு பலவாகப் பங்கு போய்விடும்.

அந்த மாணவர்கள் அதே ஆண்டில் தொடங்கியதுதான் கூகுள். மோட்வானியோ கடைசிவரை பேராசிரியராகவே இருந்தார். யோசனை கேட்டு வந்த இளைஞர்களுக்கு அவர் கதவு திறந்தே இருந்தது.

2009 ஜூன் 5-ந் தேதி, வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி அவர் மாண்டார். அப்போது வயது 47.