டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் உடல்நலம் பேணிய மருத்துவர்



மார்ச் 21ஆம் நாளை உலக டவுன் சிண்ட்ரோம் நாளாக ஐ.நா. நிறுவனம் 2012ஆம் ஆண்டு முதல் கடைப்பிடித்து வருகிறது. இந்நிலையோடு பிறப்பவர்களின் உடலில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கும். அதனால்தான் மூன்றாம் மாதத்தின் 21ஆம் நாள் தெரிவு செய்யப்பட்டது. நமது பங்குகளிலும் இப்பிள்ளைகள் இருக்கிறார்கள். திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையில் எவரையும் விட்டுவிடாமல் கைகூப்பிச் சிரிப்பவர்களாக அவர்களை நாம் அறிவோம். இந்நிலைக்குத் தம் பெயரைத் தந்த மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் அவர்களின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள டார்பாயிண்ட் என்ற சிற்றூரில் 1828ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தை மருந்துக் கடை நடத்தி வந்தார். 14 வயதிலேயே மகனும் அக்கடையில் வேலைக்கு நின்றார். அவருக்கு 18 வயது இருக்கும்போது, ஒருநாள் பெருமழைக்கு ஒரு குடிசையில் ஒதுங்கினாராம். அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு சிறுமி அங்கே அவருக்குப் பணிவிடை செய்தாள். இவளுக்காக ஒன்றுமே செய்ய முடியாதா என்ற கேள்வி அன்று அவர் உள்ளத்தில் எழுந்ததாகச் சொல்வார்கள்.

பின்னர் லண்டன் மருத்துவமனையில் பயின்று, தங்கப் பதக்கங்கள் பெற்று மருத்துவரானார். பெரிய மருத்துவமனையில் பேரும் புகழும் காத்திருந்தன. அவரோ 1858ஆம் ஆண்டு, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான ஏர்ல்ஸ்வுட் இல்லத்தின் தலைமை மருத்துவர் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் மதிப்புமிக்க மருத்துவர்கள் விரும்பிச் செல்லும் இடமல்ல அது. அங்கே அவர் அடி, தண்டனை ஆகியவற்றை ஒழித்தார். உடல் தூய்மை, சத்தான உணவு, திறந்தவெளியில் உடற்பயிற்சி, தோட்ட வேலை, குதிரையேற்றம், கைத்தொழில் என ஒவ்வொரு நாளையும் ஒழுங்குபடுத்தினார். 1868ஆம் ஆண்டு தம் மனைவி மேரியுடன் சேர்ந்து லண்டனுக்கு அருகில் நார்மன்ஸ்ஃபீல்டு என்ற இல்லத்தைத் தொடங்கினார். 1879ஆம் ஆண்டு அங்கே ஒரு நாடக அரங்கமும் எழுந்தது.

1866ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில்தான் இந்நிலை முதன்முறையாகத் தெளிவாக விளக்கப்பட்டது. இப்பிள்ளைகளின் உடலை அவர் எவ்வளவு கூர்ந்து கவனித்தார் என்பதை அதில் காண்கிறோம். இவர்களுக்கு இரத்த ஓட்டம் மந்தமாக இருக்கிறது என்றும், கோடையில் கற்றுக்கொண்டதில் ஒரு பகுதியைக் குளிர்காலத்தில் இழந்துவிடுகிறார்கள் என்றும் குறிப்பிட்டார். பேச்சு குழறினாலும் நாக்குக்குப் பயிற்சி கொடுத்தால் தெளிவு பெறும், கைகால்களின் ஒத்திசைவு குறைந்திருந்தாலும் முறையான பயிற்சியால் பெரிதும் வலுப்படும் என்றார். அவர்களது நகைச்சுவை உணர்வையும் எழுதி வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியால் இவர்கள் அடையும் முன்னேற்றம் பிறர் எதிர்பார்ப்பதைவிட மிக அதிகம் என்று உறுதியாகக் கூறினார்.

இவர் குறையற்றவர் அல்லர். முகச்சாயலை வைத்து இப்பிள்ளைகளை மங்கோலியர் என்று வகைப்படுத்தினார். மனிதரைப் புண்படுத்திய அச்சொல் நூறு ஆண்டுகள் நிலைத்தது. மங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று 1965ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் அதைக் கைவிட்டது.

1896ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அவர் இறந்தார். மருத்துவர்களான மகன்கள் இருவரும் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினர். 1905ஆம் ஆண்டு அவ்விருவருள் மூத்தவரான ரெஜினால்டுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஜான் என்று தாத்தாவின் பெயரைப் பெற்ற அக்குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம் இருந்தது! முன்பின் அறியாத பிள்ளைகளுக்காகத் தாத்தா உருவாக்கிய இல்லமே பேரனுக்கும் வீடாயிற்று. இந்நிலையில் பிறந்தவர்களின் சராசரி ஆயுள் பத்து வயதைச் சுற்றியே இருந்த அக்காலத்தில், அவர் அறுபது வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

இதற்குக் காரணம் கூடுதல் குரோமோசோம் என்பதை 1959ஆம் ஆண்டு பாரிசில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் டுர்பன் ஆகியோர் வெளியிட்டனர். இவர்களுள் லெஜூன் தம் வாழ்வு முழுவதையும் இப்பிள்ளைகளின் சிகிச்சைக்கும், பிறக்கும் முன்பே அவர்கள் அழிக்கப்படாமல் காப்பதற்கும் அர்ப்பணித்தார். திருச்சபை 2021ஆம் ஆண்டு அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

இன்று மருத்துவம் வளர்ந்த நாடுகளில் இவர்களின் சராசரி ஆயுள் 60 ஆண்டுகளை எட்டியுள்ளது. ஆனால் ஆயுள் கூடினால் மட்டும் போதுமா? ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடை, கண், காது குறைபாடுகள் ஆகியவை பலருக்கு உண்டு. தசைகள் தளர்வாக இருப்பதால் விரைவில் களைத்துப் போகிறார்கள். இளமைப் பருவத்தில் உடல் எடை எளிதில் ஏறுகிறது. பள்ளி முடிந்ததும் பலர் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுகிறார்கள். பாவம் பிள்ளை என்று சொல்லி நாமும் ஓர் இனிப்பைக் கையில் கொடுத்து, தொலைக்காட்சி முன் உட்கார வைத்துவிடுகிறோம். அது அன்பு போலத் தோன்றும். ஆனால் அந்த உடலை மெல்ல மெல்ல நலியச் செய்யும்.

ஆகவே பெற்றோர்களே, ஆண்டுக்கு ஒருமுறையாவது தைராய்டு, கண், காது பரிசோதனைகளைச் செய்யுங்கள். இதயத்தைப் பற்றியும், சிலருக்குத் தளர்ந்திருக்கும் கழுத்தெலும்பைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டறிந்து, அதற்கேற்ற பயிற்சியைத் தொடங்குங்கள். நாள்தோறும் நடை, படி ஏறுதல், நடனம், பந்து விளையாட்டு என எது பிள்ளைக்குப் பிடிக்கிறதோ அதுவே நல்ல பயிற்சி. பங்கின் இளையோரே, உங்கள் விளையாட்டில் இவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். நற்கருணைப் பவனியிலும் திருப்பயணத்திலும் உங்களோடு நடக்க அழையுங்கள். தனியாக நடக்கச் சலிப்படையும் பிள்ளை நண்பரோடு என்றால் மகிழ்ந்து நடக்கும்.

நமது உடல் தூய ஆவியார் தங்கும் ஆலயம் என்று புனித பவுல் நமக்குக் கற்பிக்கிறார். டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞரின் உடலும் அதே ஆலயம்தான். ஆலயத்தைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை. கூட்டிப் பெருக்கி, பழுதுபார்த்து, விளக்கேற்றிப் பேணுகிறோம். ஜான் லாங்டன் டவுன் தம் வாழ்நாளெல்லாம் செய்த பணி அதுவே. நமது குடும்பங்களிலும் பங்குகளிலும் அப்பணியைத் தொடர இறைவன் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.