மரியா மாண்டிசோரி அம்மையார்

மாண்டிசோரி என்றால் ஏதோ ஆங்கிலப் பள்ளியின் பெயர் என்றே ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தானாகிய நான் நினைத்திருந்தேன். அந்த அம்மையார் முதன்முதலில் யாருக்காக உழைத்தார் என்று நூலகத்தில் படித்தபோது, பேச்சு வராத என் தம்பிதான் கண்முன் நின்றான்.

1870-இல் இத்தாலியில் பிறந்து, 1896-இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நகர மனநோய் விடுதியில், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் வெற்றறையில் அடைபட்டுக் கிடந்தனர். உண்டு முடித்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடி எடுத்தனர். பார்த்துக்கொள்ளும் பெண் அதைப் பேராசை என்று வெறுத்தாள். அக்கைகளுக்குத் தொட்டுப் பார்க்க வேறொரு பொருளும் அங்கில்லை என்பதை அம்மையாரே கண்டார்.

இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1900-இல் ரோமில் ஒரு பள்ளி தொடங்கியது. அதன் பொறுப்பேற்ற இருவருள் அம்மையார் ஒருவர். செகேன் என்ற பிரெஞ்சு மருத்துவரின் நூலைத் தம் கையாலேயே மொழிபெயர்த்து எழுதினார். அங்குப் பயின்ற குழந்தைகள் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பொதுத்தேர்வு எழுதித் தேறினர். புகழ்பெற்ற குழந்தைகள் இல்லம் 1907-இல், அதாவது இதற்குப் பிறகுதான்!

1939-இல், 69 வயதில், சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். போர்க்காலத்தில் மகனைச் சிறைவைத்துப் பின் விடுவித்தனர். கொடைக்கானலிலும் பணி தொடர்ந்தது. 1952-இல் ஹாலந்தில் மறைந்தார்.

ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் அம்மா, தம்பியை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். கோடை விடுமுறையில் புளியங்கொட்டையையும் நிலக்கடலையையும் முறத்தில் கலந்து அவன்முன் வைத்தேன். குறுக்கே கை நீட்டாமல் பார்த்திருப்பது அம்மையார் ஆசிரியர்களுக்குச் சொன்ன பாடம். என் கை அடங்கவே நான்கு நாளாயிற்று. ஐந்தாம் நாள் அவனே பிரித்து வைத்தான். இப்போது அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.