மெட்டு இல்லாத வாத்தியமும் நாராயண ஐயங்காரும்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஊழியக்காரர்களின் ஜீவிய சரித்திரம்தான் வரும். இந்த மாதம் நான் எழுதப்போவது ஒரு சங்கீத வித்வானைப் பற்றி. அவர் நம்முடைய சபையார் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல. கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார் என்று பெரியவர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரைப் பற்றி நம்ம பத்திரிகையில் எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். 1959-ம் ஆண்டு மறைந்துபோன அந்த மனுஷர்தான் எனக்கு ஒரு வாத்தியத்தைத் தொடங்கிக் கொடுத்தார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் வாலிப வயதிலிருந்து ஆராதனையில் கிட்டார் வாசிக்கிறவன். நாலு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு பெடல் ஸ்டீல் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தான். பழசுதான். தோளில் மாட்டுகிற சாமான் அல்ல இது. நாலு காலில் மேஜை மாதிரி நிற்கும். பத்துக் கம்பி. கீழே மூணு பெடல். முழங்காலால் தள்ளுவதற்கு நெம்புகள். வலது காலுக்கு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இன்னொரு மிதி. இடது கையில் ஒரு இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பியின்மேல் வழுக்கிக்கொண்டே போகணும். வலது கை விரல்களில் நகம் மாட்டி மீட்டணும். சாதாரண கிட்டாரில் விரலுக்குத் தட்டுப்படுகிற ஃப்ரெட் இதில் கிடையாது. அந்த இடத்தில் வெறும் கோடுதான் போட்டிருக்கும்.

அமெரிக்காவில் ஹவுஸ் ஆப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையில் 1930-களிலிருந்து ஸ்டீல் கிட்டாரை வைத்துத்தான் ஆராதனை நடத்துகிறார்கள் என்றும், வில்லி ஈசன் என்ற சகோதரர் அதைப் பாடுகிற குரல் மாதிரியே பேசவைத்தார் என்றும் அக்கா மகன் சொன்னான். அவ்வளவுதான், எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. ஒரே மாதத்தில் ஞாயிறு ஆராதனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்!

அன்றைக்கு நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பாட்டு ஒரு சுருதியில் போகிறது, என் உருளை இன்னொரு சுருதியில் வழுக்குகிறது. கோட்டுக்குக் கொஞ்சம் முந்தி நின்றால் சுரம் தாழ்ந்துபோகும், கொஞ்சம் தாண்டினால் ஏறிப்போகும். பதட்டத்தில் பெடலையும் மிதித்துவிட்டேன். எங்கள் சபையிலேயே மூத்தவர்களான ஒரு ஆச்சி, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவர்கள், பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. வழி தப்பின பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து வாத்தியத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினவன், ஒரு வருஷம் எடுக்கவில்லை.

பிறகு பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஒரு பாட்டு டீச்சரம்மாவிடம் போனேன். ஐந்து நிமிஷம் வாசிக்கக் கேட்டார்கள். கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் வாசிக்கிற ராகத்தை முதலில் வாயால் பாடுங்கள் என்றார்கள். எனக்குப் பாட வரவில்லை. அப்போது அந்த அம்மா சொல்லித் தெரிந்துகொண்டதுதான் நாராயண ஐயங்காரின் சரித்திரம்.

அவர் 1903-ம் ஆண்டு நம்ம திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பிரியமானவர்களே, அவர் முதலில் வாத்தியத்தைத் தொடவில்லை! கோடகநல்லூர் சுப்பையா பாகவதரிடம் வாய்ப்பாட்டுத்தான் கற்றார். கோடகநல்லூர் எங்கே இருக்கிறது தெரியுமா? திருநெல்வேலிக்கு மேற்கே, இதே தாமிரபரணிக் கரையில். அந்த ஊரைத் தாண்டி வருகிற தண்ணீர்தான் சிற்றாற்றுத் தண்ணீரோடு எங்கள் சீவலப்பேரியில் கலக்கிறது. இத்தனை வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்தும் எனக்கு இந்த விஷயம் தெரியாமல் போயிற்று.

வாய்ப்பாட்டுக்குப் பிறகு அவர் திருவிடைமருதூர் சகாராம ராவிடம் போய்ச் சேர்ந்தார். சகாராம ராவின் தகப்பனார் ஸ்ரீநிவாச ராவ் தம்புராக் கம்பியின்மேல் கட்டையை வழுக்கி வாசித்துப் பார்த்தவர். மகன் அதை வளர்த்து ஒரு முழு வாத்தியமாக்கி, அதற்குக் கோட்டுவாத்தியம் என்ற பெயரும் வழங்கவைத்தார். இப்போது சித்திரவீணை என்கிறார்கள். பார்த்தால் வீணை மாதிரியேதான் இருக்கும். ஆனால் வீணையில் மெழுகுமேல் பதித்த 24 மெட்டுகள் உண்டு. விரல் வைத்தால் சுரம் நிற்கும். இதிலோ ஒரு மெட்டும் இல்லை, வழவழவென்று வெறும் பலகை. இடது கையில் கருங்காலிக் கட்டை. அதை எங்கே நிறுத்துவது என்று சொல்லித்தர பலகையில் ஒன்றுமே கிடையாது, காதுதான் சொல்லணும்.

சகாராம ராவிடம் கற்ற இன்னொருவர் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர். அவர் பாடகராகவே பேரெடுத்தார். வழுக்கு வாத்தியக்காரரிடம் ஒரு பாடகர் பாடம் கேட்டார் என்பது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

நாராயண ஐயங்கார் பிற்பாடு மைசூர் சமஸ்தானத்து வித்வானாக இருந்தார். கோட்டுவாத்தியம் என்றாலே அவர் பெயர் சொல்லுகிற அளவுக்கு வாசித்தார். வாத்தியத்தையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. ஒரு கம்பியை மீட்டி வழுக்கிக்கொண்டு போகும்போது அதற்குள் நாதம் செத்துப்போகக் கூடாது அல்லவா? பெரிய கம்பிகளுக்குக் கீழே மெல்லிய கம்பிகளை வரிசையாகக் கட்டினார். மேலே ஒரு சுரம் பேசினால் அந்தச் சுரத்துக்குச் சேர்த்துவைத்த கம்பி கீழே யாரும் தொடாமலே தானாக அதிரும். வாசிக்கிற கம்பிக்குத் துணையாக, எட்டாவது சுரத்தில் சேர்த்த கம்பியையும் வைத்தார் என்று சொல்கிறார்கள். இன்றைய சித்திரவீணையில் மொத்தம் 21 கம்பிகள். வாசிக்க 6, சுருதிக்கும் தாளத்துக்கும் 3, மிச்சம் 12-ம் தானாகப் பேசுகிறவை.

அவருக்குப் பின் மகன் நரசிம்மன் அந்த வாத்தியத்தை வாசித்தார். பேரன் ரவிகிரண் இரண்டு வயதுக் குழந்தையாக, 1969-ல், ராகங்களைக் கேட்டவுடனே பெயர் சொல்லி எல்லாரையும் ஆச்சரியப்படவைத்தார். அந்த வீட்டில் கைக்கு முன்னால் காதைத்தான் பழக்கினார்கள் போலிருக்கிறது.

ஸ்டீல் கிட்டாருக்கும் இப்படி ஒரு தகப்பன் உண்டு. ஹவாய்த் தீவில் லாயியே என்ற ஊரில் 1874-ல் பிறந்த ஜோசப் கெகுகு. பள்ளிக்கூடப் பையனாகக் கிட்டாரோடு ரயில் பாதையில் நடந்தபோது கிடந்த ஒரு போல்ட்டை எடுத்தான், அது கம்பியில் பட்டு ஒரு புதுச் சத்தம் வந்தது என்று சொல்லுவார்கள். பிறகு பள்ளிப் பட்டறையில் வழவழப்பான இரும்பு உருளை ஒன்று செய்துகொண்டான். அதில் தேர்ச்சி பெற 7 வருஷம் ஆனதாம். ஏழு வருஷம்! நான் ஒரு மாதத்தில் மேடை ஏறினேன். 1904-ல் ஊரை விட்டுப் புறப்பட்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்து, பலருக்குக் கற்றுக்கொடுத்து 1932-ல் இறந்தார். அவர் ஊரை விட்டுக் கிளம்பியபோது நம்ம நாராயண ஐயங்கார் கைக்குழந்தை.

டீச்சரம்மா எனக்குக் கொடுத்த பாடம் இந்தச் சரித்திரத்திலிருந்து வந்ததுதான். பெடல்களின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடச் சொன்னார்கள். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு தினம் அரைமணி நேரம் பாடணும். பாடின சுரத்தை மாத்திரம் கம்பியில் தேடணும். மூணு மாசம் ஒரே கம்பி. உருளை கோட்டுக்கு நேர் மேலே நிற்கணும், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றிவிடும். உருளைக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பியைத் தொட்டுக்கொண்டே வரணும், இல்லாவிட்டால் பின்பக்கத்துக் கம்பி தனியாகக் கத்தும். கையை ஆட்டி அசைவு கொடுக்கவே கூடாது என்று கண்டிப்பு. தப்பான சுரத்தை மறைக்கத்தான் புதுசாகப் படிக்கிறவன் கையை ஆட்டுவான் என்றார்கள். என்னைத்தான் சொன்னார்கள்.

ஏழாவது மாதம் துணியை எடுத்தோம். முதல் இரண்டு பெடலைச் சேர்த்து மிதித்தால் உருளை நின்ற இடத்தில் நிற்க, ஈ கார்டு ஏ கார்டாக மாறிவிடுகிறது. காலால் கம்பியை இழுக்கிற வேலைதான், வேறொன்றும் மாயமில்லை. ஆனால் எந்த அளவுக்கு மிதிப்பது என்று இப்போது காது முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

இன்னும் நான் படிக்கிறவன்தான். ஞாயிறு ஆராதனையில் இரண்டே பாட்டுக்கு வாசிக்கிறேன்.

போன மழைக்காலத்தில் அந்த ஆச்சி படுக்கையில் விழுந்துவிட்டார்கள். ஜெபிக்கப் போனபோது எங்களோடு கீபோர்டு வாசிக்கிற தம்பியும் வந்தான். நான் வாத்தியத்தின் கால்களைக் கழற்றி, சின்ன பேட்டரி ஸ்பீக்கரோடு ஆட்டோவில் கொண்டுபோனேன். ஆச்சி தாங்களாகவே ஒரு பழைய பாட்டைத் தொடங்கினார்கள். தம்பி நாலரைக் கட்டை வைத்துப் பார்த்தான், ஐந்து வைத்துப் பார்த்தான், இரண்டும் சேரவில்லை. அவர்களுடைய குரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. தம்பி கையை எடுத்துவிட்டான்.

நான் உருளையைக் கோட்டில் வைக்கவில்லை. குரலைக் கேட்டு, இரண்டு கோட்டுக்கும் இடையில் நிறுத்தினேன். ஆச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்கள். எல்லாச் சரணமும் பாடினார்கள். கடைசிச் சரணத்தில் மூச்சு வாங்கி, குரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நானும் கூடவே இறங்கினேன்.