லாட ஆணி பொறுக்கியவர்

எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் கார்பன் சைக்கிள் வீல். ரிம்மையே பிடிச்சு நிறுத்துற பிரேக்ல வர்ற சூடு, அலுமினியத்துல சீக்கிரம் பரவிடும். கார்பன்ல அப்படிப் பரவாம தங்கி ரெசினை இளக்கிடும். இதுக்காகப் பழைய வண்டிகளைப் பத்திப் படிச்சப்போதான் டி.வி. சுந்தரம் ஐயங்கார் கதைக்குள்ள போனேன். டிவிஎஸ்னா நமக்கு பைக்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தக் கதை ஆரம்பிக்கிறது நம்ம தஞ்சாவூர் ரோட்டுல.

1877-ல் திருநெல்வேலிப் பக்கம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே, பேங்க் என்று இருந்த வேலைகளை ஒவ்வொன்றாக விட்டார். (வீட்டுல என்ன சொல்லியிருப்பாங்கன்னு நமக்கே தெரியும்!) 1912-ல் தஞ்சாவூர் - புதுக்கோட்டை பஸ் ஓட ஆரம்பித்தது. புதுக்கோட்டை அப்போ தனி சமஸ்தானம், ரயில் இன்னும் வரல.

அந்த ரோட்டைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரங்கள் உழுதுபோட்ட மண். அந்தக் கால மோட்டார் வண்டிகளில் பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். பிரேக் போட்டதும் எடை முன்னால சாயும், பின் சக்கரம் பிடிப்பை இழந்து வழுக்கும். அதை வெச்சுக்கிட்டுதான் ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போனாங்க.

அப்புறம் மதுரை. அங்கே பஸ் டயர் பஞ்சராகிக்கிட்டே இருந்தது. காரணம், மாட்டுக் குளம்பிலிருந்து கழன்று ரோட்டில் விழுந்த லாட ஆணிகள். வேற யாரா இருந்தாலும் ரெண்டு ஸ்டெப்னி கூடுதலா வாங்கி வெச்சிருப்பாங்க. இவர் காந்தம் பொருத்தின வண்டியை ரோட்டில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார். ரோடு அவருடையது இல்ல, ஆணியும் அவருடையது இல்ல. பஸ் நேரத்துக்குப் போகணும், அவ்வளவுதான். டிவிஎஸ் பஸ்ஸைப் பார்த்து ஜனங்க கடிகாரத்தைத் திருத்திக்கிட்டாங்கன்னு மதுரைப் பெரியவங்க இன்னமும் சொல்றாங்க.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியை எரித்து அதில் வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தார். எஞ்சின் பவர் குறையும்தான், ஆனா பஸ் நிக்கல.

1955-ல் காலமானார். வீல்ஸ் இந்தியா (1960), பிரேக்ஸ் இந்தியா (1962) எல்லாம் அவர் பிள்ளைகள் காலத்தில் வந்தவை.

நாங்க இதுவரைக்கும் லேப்ல சுத்தமான, காய்ஞ்ச ரிம்மைத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கோம். அடுத்த வாரம் வாய்க்கால் ஓரத்துச் சேத்தைப் பூசிட்டு பிரேக் பிடிச்சுப் பார்க்கப் போறோம்.