தண்ணீர் கேட்ட இன்ஜின்!



லாரி, பஸ், டிராக்டர், கடலுக்குப் போகும் விசைப்படகு... இவையெல்லாம் எதனால் ஓடுகின்றன? டீசலால் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாருங்கள், அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ருடால்ஃப் டீசல் 1858ம் ஆண்டு மார்ச் 18ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தந்தை தோல் பொருட்கள் செய்து விற்பவர். செய்த பொருட்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வாங்கியவர்களின் வீட்டில் சேர்ப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை.

1870ல் பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே சாப்பாட்டுக்கே கஷ்டம். பன்னிரண்டு வயது ருடால்ஃபை, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தனர். அந்த உறவினர் ஒரு கணித ஆசிரியர். அவர் வீட்டில் தங்கித்தான் ருடால்ஃப் படித்தார். பதினான்கு வயதிலேயே, தான் ஒரு பொறியாளராகப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டார்!

உதவித்தொகை பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர், குளிர்சாதன இயந்திரங்களில் புகழ்பெற்ற கார்ல் வான் லிண்டே. நீராவி இன்ஜின் தனக்குக் கிடைக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது, மீதியெல்லாம் வீண் என்று ஒருநாள் வகுப்பில் சொன்னார் லிண்டே. அது மாணவர் மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்தது. வெப்பத்தை வீணாக்காத இன்ஜின் ஒன்றைச் செய்தே தீருவது என்று முடிவு செய்தார்.

1880ல் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் படிப்பை முடித்தார். பிறகு, பாரிசில் லிண்டேயின் ஐஸ் இயந்திரத் தொழிலில் வேலை. பகலெல்லாம் ஐஸ்கட்டி, மனதிலோ நெருப்பு!

குழந்தைகளே, சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். இன்னும் பல மடங்கு அழுத்தினால், அதில் எரிபொருளைச் செலுத்தியதுமே தீக்குச்சி இல்லாமல், மின்பொறி இல்லாமல் தானே பற்றிக்கொள்ளும். இதுதான் டீசல் இன்ஜினின் ரகசியம். 1893ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 10ந் தேதி, ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. எரிபொருள் உள்ளே போனது. டமார்! அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் நல்லவேளையாகத் தப்பினார். இருந்தாலும் அவர் முகத்தில் மகிழ்ச்சிதான். எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும் என்பது நிரூபணமாகிவிட்டதே!

ஆனால் அந்த இன்ஜினில் ஒரு குறை இருந்தது. சிலிண்டரைக் குளிர்விக்கத் தண்ணீருக்கு வழியே வைக்கவில்லை. வெப்பம் துளியும் வீணாகக் கூடாது, ஆகவே குளிர்விக்கத் தேவையில்லை என்பது டீசலின் கணக்கு. காகிதத்தில் சரியாக இருந்த கணக்கு இரும்பில் சரிப்படவில்லை. ஓயாமல் எரியும் நெருப்பின் சூட்டைச் சிலிண்டர் தாங்க வேண்டாமா?

டீசல் பிடிவாதம் பிடிக்கவில்லை. இன்ஜினைப் பிரித்து, மாற்றிக் கட்டினார். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும்படி செய்தார். 1897ல் பேராசிரியர் ஒருவர் வந்து சோதித்தபோது, அந்த இன்ஜின் வெப்பத்தில் 26 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்றியது. உலகமே வியந்தது. தவறை ஒப்புக்கொண்டு திருத்தியதால் வந்த வெற்றி அது!

1903ல் டீசல் இன்ஜின் தண்ணீரில் இறங்கியது. பிரான்சில் ஒரு கால்வாய்ப் படகிலும், ரஷ்யாவின் வோல்கா நதியில் ஓடிய எண்ணெய்க் கப்பலிலும் அதைப் பொருத்தினார்கள். 1912ல் சிலாண்டியா என்ற பெரிய கப்பல், டீசல் இன்ஜினின் பலத்தால் டென்மார்க்கிலிருந்து பாங்காக் வரை பயணம் செய்தது.

படகில் இன்ஜினைக் குளிர்விப்பது சுலபம். சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே! ஒரு பம்பு அதை உறிஞ்சி, இன்ஜினைச் சுற்றி ஓடவிட்டு, வெளியே தள்ளிவிடும். ஆனால் குளிர்நாடுகளில் ஓர் ஆபத்து உண்டு. குளிர்காலத்தில் படகைக் கட்டிப்போட்டு விடுவார்கள். உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஐஸாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருத்துவிடும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கழுத்து வரை நீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள். ஐஸ் மேலே ஏறி எட்டிப் பார்க்கும். (கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடித்துவிடும்.) பருக்க இடமில்லாவிட்டால், வார்ப்பிரும்பால் ஆன இன்ஜினையே அது பிளந்துவிடும்!

அதனால்தான் இன்ஜினின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு துவாரம் இருக்கும். பல இன்ஜின்களில் அதை ஒரு திருகாணியால் அடைத்திருப்பார்கள். படகின் அடியில், கை நுழையாத இடத்தில் ஸ்பானரைப் போட்டு அதைக் கழற்றுவது பெரும்பாடு. எனவே விவரமறிந்தவர்கள் அந்த இடத்தில், விரலால் திருப்பக்கூடிய சிறிய வடிகால் வால்வு ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். இரும்பு துருப்பிடிக்கும் என்பதால், வால்வு பெரும்பாலும் பித்தளையில் அல்லது வெண்கலத்தில் இருக்கும். மரைகள் பொருந்த வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் இன்ஜின் விரிசல் விடும். ஒரு வால்வு மட்டும் போதாது. தண்ணீர் தேங்கும் தாழ்வான இடம் ஒவ்வொன்றிலும் வேண்டும்.

தண்ணீரை வடிக்கும் முன், வெளியிலிருந்து தண்ணீர் வரும் வழியை மூட வேண்டும். வால்வைத் திறந்தால் மட்டும் போதாது. தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவும் வேண்டும். துருவும் மணலும் அடைத்திருந்தால் ஒரு சொட்டும் வராது. கம்பியால் குத்தி அடைப்பை எடுத்தால்தான் வாளி நிறையும். ஒரு சிறிய குழாய், ஒரு பெரிய இன்ஜினையே காப்பாற்றிவிடுகிறது பார்த்தீர்களா!

இனி டீசலின் கதைக்கு வருவோம். புகழும் பணமும் குவிந்தன. ஆனால் காப்புரிமைச் சண்டைகளும், நிலம் வாங்கியதில் ஏற்பட்ட நஷ்டமும் அவரை வாட்டின. உடல்நலமும் கெட்டது. கடன் மலைபோல் வளர்ந்தது. அதை வீட்டாரிடம்கூட அவர் முழுமையாகச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே அடைத்து வைத்தார்.

1913 செப்டம்பர் 29ந் தேதி மாலை, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இரவு நண்பர்களுடன் உணவு உண்டு, தன் அறைக்குச் சென்றார். காலையில் அவரைக் காணவில்லை. சில நாட்களுக்குப் பின் கடலில் ஓர் உடல் மிதந்தது. அதிலிருந்த பொருட்களைப் பார்த்து, அவை தன் தந்தையுடையவை என்று அவர் மகன் அடையாளம் காட்டினார். அன்று இரவு நடந்தது என்ன என்பது இன்றும் விடை கிடைக்காத கேள்விதான். அப்போது டீசலுக்கு வயது 55.

அவர் மறைந்தார்; அவர் பெயர் மறையவில்லை. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான இன்ஜின்கள் அதைச் சுமந்து ஓடுகின்றன.

குழந்தைகளே, டீசலிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தவறு என்று தெரிந்ததும் கூச்சப்படாமல் திருத்திக்கொள்வது. மற்றொன்று, அவர் செய்யத் தவறியது. இன்ஜினில் தேங்கிய தண்ணீருக்கு ஒரு வடிகால் தேவைப்படுவது போல, மனதில் தேங்கும் கவலைக்கும் ஒரு வடிகால் தேவை. பரீட்சையில் மதிப்பெண் குறைந்தாலும், நண்பனோடு சண்டை வந்தாலும், பயமாக இருந்தாலும் உள்ளே பூட்டி வைக்காதீர்கள். அம்மாவிடமோ, அப்பாவிடமோ, தாத்தா பாட்டியிடமோ, உங்களுக்குப் பிடித்த ஆசிரியரிடமோ சொல்லிவிடுங்கள். சொல்லச் சொல்ல மனப்பாரம் குறையும்.

இன்று பள்ளிவிட்டு வந்ததும் வீட்டில் உட்கார்ந்து பேசுவீர்கள்தானே?