லண்டனுக்கு வழி காட்டிய ஹாரி பெக்

லண்டன் மாநகரில் பூமிக்கு அடியிலும் ரெயில் ஓடுகிறது. மொத்தம் 11 பாதைகள். 270-க்கும் மேற்பட்ட நிலையங்கள்!

முதல் முறையாக அந்த ஊருக்குப் போகிறவர் இதைக் கேட்டால் மலைத்துப் போவார். எந்த ரெயிலில் ஏறுவது? எங்கே இறங்குவது?

ஆனால் அவர் பயப்பட வேண்டியதில்லை. நிலையத்துக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு படம் இருக்கும். பல வண்ணக் கோடுகள் கொண்ட படம். அதைச் சிறிது நேரம் பார்த்தால் போதும், வழி விளங்கிவிடும்.

அந்தப் படத்தை உலகுக்குத் தந்தவர் ஹாரி பெக். அவர் பெரிய அதிகாரி அல்ல. ரெயில் கம்பெனியில் படம் வரையும் சாதாரண ஊழியர்.

குழப்பிய படம்

ஹாரி பெக், 1902-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி கிழக்கு லண்டனில் லெய்ட்டன் என்ற இடத்தில் பிறந்தார். 1925-ல் பாதாள ரெயில் கம்பெனியின் சிக்னல் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். அது தற்காலிக வேலை. மின்சாரக் கம்பிகள் எங்கே தொடங்கி எங்கே சேருகின்றன என்று காட்டும் படங்களை வரைந்து அவர் கை பழகியிருந்தது.

லண்டனில் பாதாள ரெயில் 1863-ம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. உலகிலேயே முதல் பாதாள ரெயில் அதுதான். பிறகு ஒவ்வொரு பாதையாகக் கூடிக்கொண்டே போயிற்று. அவற்றைக் காட்டும் படங்களும் இருந்தன.

ஆனால் அந்தப் படங்கள் பூகோளப் படங்களைப் போல இருந்தன. ரெயில் பாதை எங்கே வளைகிறதோ, படத்திலும் அங்கே வளையும். நகரத்தின் நடுவில் நிலையங்கள் நெருக்கமாக இருந்ததால், பெயர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. புறநகரிலோ பாதை நீண்டுகொண்டே போயிற்று. காகிதத்தில் இடம் போதாமல் சில நிலையங்கள் விடுபட்டும் போயின.

மூன்று வகைக் கோடுகள்

1931-ம் ஆண்டு. பெக்குக்கு வயது 29. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

பூமிக்கு அடியில் போகிறவன் தெருவைப் பார்ப்பதில்லை. ரெயில் எந்தப் பக்கம் வளைகிறது என்பது அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவனுக்குத் தெரிய வேண்டியவை மூன்றுதான். எந்தப் பாதையில் ஏறுவது? எந்த நிலையத்தில் மாறுவது? எந்த நிலையத்தில் இறங்குவது?

அப்படியானால் வளைவு நெளிவுகள் எதற்கு?

ஓய்வு நேரத்தில் பெக் பென்சிலை எடுத்தார். படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு, 45 டிகிரி சாய்ந்த கோடு. இந்த மூன்று வகைக் கோடுகளாலேயே எல்லாப் பாதைகளையும் வரைந்தார். நகரத்தின் நடுப் பகுதியை விரித்தார். புறநகரைச் சுருக்கினார். தெருக்களையும் கட்டிடங்களையும் அடியோடு நீக்கிவிட்டார். தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார்.

இப்படி ஒரு படம் வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவராகவே வரைந்தார், அவராகவே கம்பெனியிடம் கொடுத்தார்.

திரும்பி வந்தது

கம்பெனி அதை ஏற்கவில்லை. தூரத்தையும் திசையையும் சரியாகக் காட்டாத படத்தை மக்கள் ஒப்புக்கொள்வார்களா என்று விளம்பர இலாகாவினர் சந்தேகப்பட்டார்கள்.

பெக் மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் கொடுத்தார். இந்தத் தடவை, சோதித்துப் பார்க்கலாம் என்று 500 பிரதிகள் அச்சிட்டுச் சில நிலையங்களில் வைத்தார்கள். மக்களுக்கு அது பிடித்துவிட்டது!

1933-ம் ஆண்டு ஜனவரியில், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவில் ஏழு லட்சம் பிரதிகள் அச்சாகின. ஒரே மாதத்தில் மறுபடியும் அச்சிட வேண்டியதாயிற்று.

மின்சாரக் கம்பிப் படத்தையே ரெயில் படமாக்கிவிட்டார் என்று கேலி பேசியவர்களும் உண்டு. பெக் கோபித்துக்கொள்ளவில்லை. தம்முடைய படத்தையே மின்சாரப் படம் போல வேடிக்கையாக மாற்றி வரைந்து, ஊழியர் பத்திரிகையில் வெளியிட்டார்!

இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்த பணம் சில கினிகள் மட்டுமே.

வழி கண்டுபிடிப்பது எப்படி?

ஒருவர் பாடிங்டனில் இருக்கிறார். கோவென்ட் கார்டனுக்குப் போக வேண்டும். படத்தைப் பார்க்கிறார். பாடிங்டன் வழியாகப் பழுப்பு நிறக் கோடு ஒன்று போகிறது. கோவென்ட் கார்டனோ கருநீலக் கோட்டில் இருக்கிறது. இரண்டு கோடுகளும் பிக்காடிலி சர்க்கஸ் நிலையத்தில் சந்திக்கின்றன.

வழி கிடைத்துவிட்டது. பழுப்புப் பாதையில் ஏறி, ஆறாவது நிலையத்தில் இறங்க வேண்டும். கருநீலப் பாதைக்கு மாறி, இரண்டாவது நிலையத்தில் இறங்க வேண்டும். அவ்வளவுதான்! ஊர் மொழி அரைகுறையாகத் தெரிந்தவரும் நிறத்தைப் பார்த்து, நிலையங்களை எண்ணிப் போய்ச் சேரலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. படத்தில் உள்ள தூரம் உண்மையான தூரம் அல்ல. கோவென்ட் கார்டனுக்கும் அதற்கு முந்திய லெஸ்டர் ஸ்கொயருக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். நடந்தே போய்விடலாம். புறநகரில் செஷாம் நிலையத்துக்கும் அதற்கு அடுத்த நிலையத்துக்கும் இடையே 6 கிலோ மீட்டருக்கு மேல். படத்தைப் பார்த்து இந்த வித்தியாசத்தை அறிய முடியாது.

பெயர் மறைந்தது

புதுப் பாதை வந்தால் படத்தைத் திருத்த வேண்டும். நிலையத்தின் பெயர் மாறினாலும் திருத்த வேண்டும். அச்சுக்கலைப் பள்ளியில் ஆசிரியரான பிறகும் பெக் இந்த வேலையை விடவில்லை. 25 ஆண்டுகளுக்கு மேல், பெற்ற பிள்ளையைப் போல அந்தப் படத்தைப் பேணினார்.

1960-ம் ஆண்டு அவருக்குப் பேரிடி விழுந்தது. நிலையங்களில் புதிய படம் தொங்கியது. அதில் பெக்கின் பெயர் இல்லை. விளம்பர அதிகாரி ஹரால்ட் ஹட்சிசனின் பெயர் இருந்தது.

படத்தில் இனி எந்த மாறுதல் செய்வதானாலும் தம் மூலமாகவே செய்வார்கள் என்று பெக் நம்பியிருந்தார். நிர்வாகம் அப்படி நினைக்கவில்லை. பெக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். விக்டோரியா என்ற புதிய பாதையைச் சேர்த்துத் தாமே ஒரு படம் வரைந்து கொடுத்தார். அதை ஏற்கவில்லை. 1965-ல் அவர் போராட்டத்தைக் கைவிட்டார்.

அந்தப் புதிய படமும் நிலைக்கவில்லை. அதன் கூரிய முனைகளும் நெருக்கமும் மக்களுக்குப் பிடிக்கவில்லை. 1964-ல் பால் கார்பட் என்பவர் வரைந்த படம் வந்தது. அது பெரும்பாலும் பெக்கின் முறையிலேயே இருந்தது. ஆனால் வேலை பெக்குக்குத் திரும்பி வரவில்லை.

1974-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, 72-வது வயதில் அவர் காலமானார்.

பெயர் திரும்பியது

உயிரோடு இருந்தபோது கிடைக்காத பெருமை பிறகு கிடைத்தது. அவர் குடியிருந்த பகுதியில் உள்ள பின்ச்லி சென்ட்ரல் நிலையத்தில், 1933-ம் ஆண்டுப் படத்தின் பிரதியை நினைவுப் பலகையோடு வைத்திருக்கிறார்கள். 2013-ல் அவர் பிறந்த வீட்டிலும் நினைவுப் பலகை பதித்தார்கள். இப்போது லண்டன் பாதாள ரெயில் படத்தின் ஓரத்தில் பெக்கின் பெயரும் அச்சாகிறது.

அவருடைய முறை லண்டனோடு நிற்கவில்லை. உலகின் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. சென்னை மெட்ரோ ரெயிலில், நேர்க்கோடுகளும் நிலையப் பெயர்களுமாக இருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த முறையில் அமைந்ததுதான்.

நாள்தோறும் லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கோடுகளைப் பார்த்து வழி தெரிந்துகொள்கிறார்கள். ஓரத்தில் உள்ள பெயரைப் படிப்பவர்கள் சிலர்தான். ஆனால் ஊருக்குப் புதியவர் யாரையும் கேட்காமல் சரியான நிலையத்தில் இறங்கினால், அவருக்கு வழி சொன்னவர் ஹாரி பெக்தான்!