வெப்பத்தின் கணக்கைக் கண்ட கப்பல் வைத்தியர்

துறைமுகத்தை அண்டி வாழும் நாம், கப்பற் பயணமொன்றிலே முளைத்த பௌதிக உண்மை ஒன்றை அறிந்திருத்தல் தகும். அதனைக் கண்டவர் பௌதிகப் பேராசிரியரல்லர். யூலியஸ் றொபேட் மேயர் என்னும் இளம் வைத்தியர்.

ஜேர்மனியில் ஹைல்புறொன் நகரில், 1814இல், மருந்துக் கடைக்காரர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். வைத்தியம் கற்று, 1840இல் ஒல்லாந்தக் கப்பலொன்றில் வைத்தியராக அமர்ந்து யாவாவுக்குச் சென்றார். அங்கே நோயுற்ற மாலுமிகளுக்கு, அக்கால வழக்கப்படி நாளத்தைக் கீறி இரத்தம் வடித்தார். கறுத்திருக்க வேண்டிய இரத்தம் செக்கச்செவேலென்று வந்தது. நாடியை வெட்டிவிட்டோமோ என்று திடுக்கிட்டார்.

உஷ்ண நாட்டில் உடம்பின் சூட்டைக் காக்க உணவு அதிகம் எரிய வேண்டியதில்லை. ஆதலால் இரத்தத்தில் பிராணவாயு மிஞ்சுகிறது என்று அவர் எண்ணினார். தோலுக்குப் பாயும் இரத்தம் வெப்பத்தில் பெருகுவதே பெருங்காரணம் என்பது இன்றைய அறிவு. ஆயினும் அவர் சிந்தனை அங்கே நிற்கவில்லை. உண்ட உணவில் ஒரு பங்கு சூடாகிறது. ஒரு பங்கு தண்டு வலிக்கவும் மூட்டை சுமக்கவும் வேலையாகிறது. அப்படியாயின் வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறுவனவே. மாறும்போது இவ்வளவுக்கு இவ்வளவு என்ற கணக்கும் இருத்தல் வேண்டுமன்றோ?

வாயுவை அடைத்து வைத்துச் சூடாக்குவதிலும், விரியவிட்டுச் சூடாக்க அதிக வெப்பம் வேண்டும். அந்த மேலதிக வெப்பம், வெளிக்காற்றைத் தள்ளும் வேலையிலே செலவாகிறது. இதைக்கொண்டே மேயர் கணக்கிட்டார். ஒரு பொருள் 365 மீற்றர் விழுவதால் வரும் வேலை, அதே நிறையுள்ள நீரை ஒரு பாகை சூடாக்கும் என்று 1842இல் வெளியிட்டார். சரியான அளவு ஏறக்குறைய 427 மீற்றர். அவர் எடுத்தாண்ட, பிறர் அளந்த எண்கள் அவ்வளவு திருத்தமானவையல்ல. நமது கோணமலை உச்சியிலிருந்து கடலில் விழும் நீர், அந்த வீழ்ச்சியினால் ஒரு பாகைதானும் சூடேறாது!

1841இல் அவர் அனுப்பிய முதற் கட்டுரையைப் பத்திரிகை அச்சிடவேயில்லை. 1843 முதல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் யூல் தாமே தனித்து முயன்று இக்கணக்கை அளந்தார். நீரைத் துடுப்புச் சக்கரத்தாற் கலக்கி நுட்பமாக அளந்த அவருக்கே புகழ் சென்றது. யார் முந்தியவர் என்ற வழக்கு மூண்டது. யூலின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லோம். எனினும் முதலில் எண்ணொன்றை அச்சிலே தந்தவர் மேயரே.

1848இல் பிள்ளைகளைப் பறிகொடுத்தார். 1850இல் மனமுடைந்து மாடிச் சாளரத்திலிருந்து குதித்தார்; உயிர் தப்பினார். பின்னர் சிலகாலம் மனநோய் விடுதியில் அடைபட்டுக் கிடந்தார். 1862இல் இலண்டனில் டிண்டல் என்னும் விஞ்ஞானி மேயரின் பெயரைச் சபையறியச் சொன்ன பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. இராயல் சங்கத்தின் கொப்லி பதக்கம் 1870இல் யூலுக்கும், 1871இல் மேயருக்கும் கிடைத்தது. 1878 மார்ச்சில், பிறந்த ஊரிலேயே மேயர் காலமானார்.